இடது ஓரத்து அரை அங்குலம்

எங்கள் அச்சகத்துக்கு மேல்மாடியில் மூன்று அறை. அந்த மூன்று அறையிலும் இருபத்திரண்டு வருஷமாக ஒரே ஒரு அகராதி எழுதிக்கொண்டிருந்தார்கள். எபிரேயச் சொற்களுக்குத் தமிழில் அர்த்தம். கீழே நாங்கள் கல்யாணப் பத்திரிகை, தேர்தல் நோட்டீஸ், மருந்துக்கடை ரசீது என்று மாதத்துக்கு லட்சம் தாளை அடித்துத் தள்ளுவோம். மேலே முதல் எழுத்தைத் தாண்டிவிட்டார்களா என்று படிக்கட்டில் நின்று சத்தமாகக் கேட்பது எங்களுக்கு ஒரு பொழுதுபோக்கு. பதிலுக்கு ஒரு பெண்குரல் வரும்.

“நீ நோட்டீஸ் அடிச்ச ஆளே தேர்தல்ல தோத்துட்டான். நீ அதப் பாரு.”

அந்தக் குரலுக்கு ‘அகராதி’ என்று பேர் வைத்தது நான்தான். அவள் வேலை பார்ப்பதும் அகராதி, வாயும் அகராதி. அவளும் சும்மா விடவில்லை. நான் காகிதம் வெட்டும் மெஷினில் நிற்பவன். நாள் முழுக்க மெஷின் அறுக்கும், அது ஓய்ந்தால் என் வாய் அறுக்கும் என்று எனக்கு ‘அறுவை’ என்று வைத்தாள். இருபது வருஷம் அவள் என்னை வேறு பேரில் கூப்பிட்டதில்லை. நான் முகத்துக்கு நேரே அக்கா, முதுகுக்குப் பின்னால் அகராதி.

அக்கா படித்தது பத்தாவது. அதற்குமேல் டைப்ரைட்டிங் ஹையர். இருபது வயதில் கட்டிக்கொடுத்தார்கள். இரண்டே வருஷத்தில் திருப்பி அனுப்பினார்கள். என்ன காரணம் என்று எங்கள் அச்சகத்தில் நாலு கதை உலாவியது. நாலில் மூன்றை நான்தான் கிளப்பினேன் என்பதை ஒப்புக்கொள்கிறேன். உண்மையான காரணத்தை அவள் சொன்னதில்லை. ஆனால் எப்படித் திரும்பி வந்தாள் என்பதை ஒருதரம் சொல்லியிருக்கிறாள். அதைப் பிறகு சொல்கிறேன், அதற்கு இந்தக் கதையில் ஓர் இடம் இருக்கிறது.

திரும்பி வந்தவள் அண்ணன் வீட்டில் பின்பக்க அறையில் இருந்தாள். தண்ணீர் மோட்டாரின் சுவிட்ச் அந்த அறையில்தான் இருக்கிறது. ஆகவே காலையில் ஐந்து மணிக்கு அண்ணி வந்து லைட்டைப் போடுவாள், மோட்டாரைப் போடுவாள், போய்விடுவாள். லைட்டை அணைக்க மாட்டாள். “எந்திரின்னு வாயால சொன்னா கொழுப்புன்னு ஆயிடும் பாரு, அதான் லைட்டு சொல்லுது” என்பாள் அக்கா.

மாடியில் முதல் அறையில் இருந்தவர் பெரியவர். அகராதியைத் தொடங்கியவர். பாதிரிகளுக்குப் பாடம் நடத்தி ஓய்வு பெற்றவர், குரல் உயர்த்தாதவர், தேநீரில் சர்க்கரை போட்டிருக்கிறதா இல்லையா என்று குடித்து முடித்த பிறகும் தெரியாதவர். இரண்டாவது அறையில் அவருடைய மகளைக் கட்டியவர். டாக்டர் பட்டம் வாங்கியவர். நேரில் சார். ஆனால் அந்தக் கட்டடம் முழுவதும், வாட்ச்மேன் உட்பட, அவருக்கு மாப்பிள்ளை என்றுதான் பேர். நடையிலேயே தெரியும், யாரோ எழுந்து நாற்காலி போடுவார்கள் என்று எதிர்பார்க்கிற நடை. மூன்றாவது அறையில் மர இழுப்பறைகள், முப்பதாயிரம் கார்டுகள், ஒரு டைப்ரைட்டர், அக்கா.

வேலை நடக்கும் விதம் இதுதான். படித்தவர்கள் ஒவ்வொரு சொல்லுக்கும் காகிதத்தில் கிறுக்கித் தருவார்கள். அக்கா அதைக் கார்டில் அடிக்க வேண்டும். மெஷினில் தமிழ் எழுத்து மட்டும்தான். எபிரேய எழுத்து வரும் இடத்தில் இடைவெளி விட்டு, சாயங்காலம் நிப் பேனாவை மையில் தொட்டு அவளே வரைய வேண்டும். அந்த எழுத்து வலமிருந்து இடமாகப் போகும். அதனால் தலைச்சொல் கார்டின் வலது மூலையில். கார்டை எழுதியவரின் முதலெழுத்து இரண்டும் இடது ஓரத்தில், வேறெதுவும் இல்லாத வெள்ளை இடத்தில். “வலதுதான் தலை, இடது வால். எழுதினவன் வால்ல தொங்கினா போதும்” என்று பெரியவர் சொன்ன முறை.

முதலில் அக்கா அந்த எழுத்துகளைக் கடை போர்டு எழுதுகிறவன் மாதிரி, அர்த்தம் தெரியாமல் அழகாக வரைந்தாள். நாலைந்து வருஷத்தில் வாசிக்கத் தெரிந்துவிட்டது. எட்டாவது வருஷம் மாப்பிள்ளையின் கிறுக்கலைக் கையில் எடுத்துக்கொண்டு அவர் அறைக்குப் போனாள்.

“சார், இந்த எழுத்துக்கு முதுகுல ஒரு முனை வரணும். நீங்க வளைச்சு விட்டுட்டீங்க. வேற எழுத்தாப் போச்சு.”

மாப்பிள்ளை பார்த்தார். வளைவுதான். “நீங்க டைப்பிஸ்ட்டும்மா” என்றார்.

“அதான் சார், தப்பா அடிக்க வரல.”

அன்றையிலிருந்து இரண்டாவது அறைக்கும் மூன்றாவது அறைக்கும் பேச்சு வார்த்தை எல்லாம் சீட்டில்தான்.

மூன்றாவது அறைச் சுவரில் பெரியவர் கையால் எழுதிய ஒரு தாள் ஒட்டியிருந்தது. ஐம்பது கார்டுகளிலாவது யாருடைய முதலெழுத்து இருக்கிறதோ அவருடைய பேர் நூலின் முன்பக்கத்தில் அச்சாகும் என்று விதி. அதை யாரும் நின்று படித்ததில்லை. அக்காவுக்கு அது நேர் எதிரே. தலையை நிமிர்த்தும்போதெல்லாம் கண்ணில் படும். ஒருநாள் பெரியவரிடம் கேட்டேவிட்டாள்.

“ஐயா, இது எனக்கும் உண்டா?”

பெரியவர் கண்ணாடியைக் கழற்றி யோசித்தார். “யாருக்குன்னு நான் எழுதலையேம்மா. எழுதினவங்களுக்குன்னுதான எழுதியிருக்கேன்.”

அவ்வளவுதான். அன்று சாயங்காலம் கீழே வந்து, என் மெஷின் பக்கத்தில் தேநீர் கிளாஸை வைத்துவிட்டு, “என் பேரு எப்பவாச்சும் அச்சுல வந்து பாத்திருக்கியா அறுவை?” என்றாள்.

“கல்யாணப் பத்திரிகைல வந்திருக்குமேக்கா.”

“அதுல தப்பா அடிச்சிருந்தானுங்க.”

படித்தவர்கள் எல்லாரும் பெரிய பெரிய சொற்களைப் பங்கு போட்டுக்கொண்டார்கள். மகிமை ஒருவருக்கு, பாவம் ஒருவருக்கு, இரக்கம் ஒருவருக்கு. பாவத்துக்கு அடிதடியே நடந்தது என்று கேள்வி. யாரும் தொடாமல் கிடந்த சொற்கள் அக்காவுக்கு வந்தன. பேன், சொறி, சாணி, சல்லடை, வழுக்கைத்தலை. அவள் ஒவ்வொன்றுக்கும் வேதாகமத்தின் பழைய ஏடுகளில் எங்கெங்கே வருகிறது என்று தேடி, கார்டு போட்டு, இடது ஓரத்தில் தன் முதலெழுத்து இரண்டையும் அடித்தாள். பத்து வருஷத்தில் நாற்பத்தொரு கார்டு. “சொறி, சிரங்கு போட்டே முன்பக்கத்துக்குப் போயிடுவீங்கக்கா” என்று நான் சொன்னதற்கு அன்று முழுவதும் என்னோடு பேசவில்லை.

மாப்பிள்ளை தனக்கென்று எடுத்துக்கொண்டதில் மிகப்பெரிய சொல், ஆதாம். மனுஷன் என்பதற்கு அந்தப் பாஷையில் உள்ள சொல். ஆறு வருஷம் அதன்மேல் உட்கார்ந்திருந்தார். கூட்டத்துக்குப் போனார், பேசினார், ஆதாம் பற்றி ஆராய்ந்து வருவதாக மாலை வாங்கினார். கார்டு மட்டும் வரவில்லை. அந்தச் சொல் முதல் எழுத்தில் தொடங்குவது. அது வராமல் முதல் பாகம் அச்சுக்கு வராது. எங்கள் முதலாளி மாடிக்குப் போய்ச் சத்தம் போட்டதில் பெரியவருக்கே வேர்த்துவிட்டது. கடைசியில் அவர் மூன்றாவது அறைக்கு வந்தார்.

“நீ ஒரு கை பாரேம்மா” என்றார், யாருக்கும் கேட்காத மாதிரி.

மூன்று மாதம் அக்காவுக்கு வேறு பேச்சே இல்லை. தேநீர் நேரத்தில் என் மெஷின் மேடைதான் அவளுக்குப் பள்ளிக்கூடம்.

“மண்ணுக்கு அங்க அதாமா. அதுலேர்ந்து ஆதாம். மண்ணுலேர்ந்து வந்தவன்.”

“இது தெரியாதாக்கா? என் பொண்டாட்டி தினமும் மண்ணாங்கட்டின்னுதான் கூப்பிடறா.”

“இரு, முடியல. செவப்புக்கும் கிட்டத்தட்ட அதே எழுத்துதான். ரத்தத்துக்கு தாம். அது ஆதாமுக்குள்ளயே உக்காந்திருக்கு. எது மொதல்ல வந்துச்சு, எது எதுலேர்ந்து வந்துச்சுன்னு படிச்சவங்களுக்குள்ள சண்ட. ஒருத்தர் மண்ணுங்கறார், ஒருத்தர் செவப்பு மண்ணுங்கறார், ஒருத்தர் தோலுங்கறார். பக்கத்துப் பாஷைல தோலுக்கு அப்படி ஒரு சொல்லு இருக்காம்.”

“நீங்க எந்தக் கட்சி?”

“நான் டைப்பிஸ்ட்டு. எல்லாக் கட்சியையும் அடிப்பேன்.”

இன்னொரு நாள் வந்து, “ஆம்பளைய மட்டும் சொல்ல அங்க வேற சொல்லு இருக்கு அறுவை. பலசாலிக்கு ஒண்ணு, நோஞ்சானுக்கு ஒண்ணு. ஆதாம்னா எல்லாரும். மொதல்ல உண்டாக்கினப்ப ஆணு பொண்ணு ரெண்டு பேருக்கும் சேத்து அந்த ஒரே பேருதான் வச்சிருக்கு. அப்புறம்தான் அவன் அதத் தனக்குன்னு எடுத்துக்கிட்டான்” என்றாள். கிளாஸில் தேநீர் ஆறி ஆடை கட்டியிருந்தது. “நம்ம ஊட்டுப் பொம்பளைங்க புருஷன ‘அந்த மனுஷன்’னு சொல்றாங்கல்ல. என்னமோ அவன் ஒருத்தன்தான் மனுஷன் மாதிரி.”

பதினோரு கார்டில் அது முடிந்தது. நாற்பத்தொன்றோடு பதினொன்று, ஐம்பத்திரண்டு. விதி கேட்ட ஐம்பதைத் தாண்டிவிட்டாள். நான் கணக்குப் போட்டுச் சொன்னபோது, “இன்னும் ஒண்ணு இருக்கு” என்றாள்.

அந்தப் பன்னிரண்டாவது கார்டுதான் வினை. பழைய ஏட்டில் ஒரு போர் வருகிறதாம். ஜெயித்தவர்கள் கொள்ளையைப் பட்டியல் போடுகிறார்கள். ஆடு இத்தனை, மாடு இத்தனை, கழுதை இத்தனை. நாலாவதாக, ஆதாம் இத்தனை ஆயிரம். யார் அந்த ஆதாம்? அப்பன், அண்ணன், தம்பி எல்லாரையும் வெட்டிப்போட்டுவிட்டுப் பிடித்துவந்த பெண்பிள்ளைகள். அவர்களுக்குப் பேர் ஒன்றுகூட அந்த ஏட்டில் இல்லை. இதுவும் அந்தச் சொல்லுக்கு ஓர் அர்த்தம் என்று அக்கா கார்டு போட்டாள்.

பெரியவர் பன்னிரண்டையும் படித்தார். கடைசிக் கார்டை விரலால் தட்டினார். “முப்பது வருஷம் பாடம் நடத்தினேன், இந்த எடத்துல வேகமாப் போயிடுவேன்” என்றார். “இருக்கட்டும்.”

மாப்பிள்ளை அதற்காக மூன்றாவது அறைக்கே நேரில் வந்தார். நான் அப்போது ப்ரூஃப் கட்டோடு மேலே நின்றிருந்தேன்.

“இது அர்த்தம் இல்லம்மா. இது எண்ணிக்கை. அகராதில எண்ணிக்கைக்கு என்ன வேல?”

“ஆடு, மாடு, கழுத, அப்புறம் இது. நாலாவதா வருது சார். அந்த எடத்துல அந்தச் சொல்லுக்கு என்ன அர்த்தம்னு நீங்க சொல்லுங்க. நான் இத எடுத்துடறேன்.”

மாப்பிள்ளை கார்டை மேசையில் போட்டார். “வாசிக்கிறவங்க மனசு புண்படும்.”

“பிடிச்சுட்டுப் போனாங்களே, அவளுக்கும் புண்பட்டிருக்கும் சார்.”

அன்றைக்குத்தான் அக்கா எனக்கு அந்த லாரிக் கதையைச் சொன்னாள். புருஷன் வீட்டிலிருந்து அவளைத் திருப்பி அனுப்பியபோது, அவளோடு போன சாமானையும் ஏற்றி அனுப்பினார்களாம். ஒரே லாரி. டிரைவர் பக்கத்தில் இவள். அண்ணன் வீட்டு வாசலில் டிரைவர் இறங்கி, ஒப்படைப்புச் சீட்டை நீட்டிச் சத்தமாகப் படித்தானாம். கட்டில் ஒண்ணு, பீரோ ஒண்ணு, தையல் மிஷின் ஒண்ணு, ஆள் ஒண்ணு. அண்ணன் தையல் மிஷினின் சக்கரத்தைச் சுற்றிப் பார்த்துவிட்டு, “எல்லாம் சரியா இருக்கு” என்று கையெழுத்துப் போட்டானாம்.

“நாலாவதா இருந்தேன்” என்றாள் அக்கா.

அடுத்த மழைக்குப் பெரியவர் குளியலறையில் விழுந்தார். எழுந்தார், ஆனால் பேச்சு போய்விட்டது. ஆளைப் பார்த்தால் சிரிப்பார், அவ்வளவுதான். மாப்பிள்ளை முதல் அறைக்கு மாறினார். மாறிய வாரமே சுவரில் வெள்ளையடித்தார்கள், விதித்தாள் போனது. மர இழுப்பறைகளில் கரையான் என்று இரும்பு அலமாரி வாங்கினார்கள். அளவு கொடுத்தவர் மாப்பிள்ளை. அலமாரி வந்து, ஆறு பேர் மூச்சு வாங்க மாடியேற்றி, கார்டை வைத்துப் பார்த்தால் இழுப்பறை மூடவில்லை. கார்டு அரை அங்குலம் கூடுதல்.

நான் இன்றைக்கும் சொல்வேன், அது சூழ்ச்சி இல்லை. அவ்வளவு சூழ்ச்சி செய்ய மூளை வேண்டும். எங்கள் அச்சகத்தில் மற்றவர்கள் இதை ஒத்துக்கொள்ள மாட்டார்கள். அளவைத் தப்பாகக் கொடுத்தார், கொடுத்ததை ஒப்புக்கொள்ள முடியவில்லை, கார்டை வெட்டச் சொல்லிவிட்டார். “இடது பக்கம் பூரா வெள்ளதான், அதுல அரை அங்குலம் எடுத்துடுப்பா” என்று என்னிடம் சொன்னார். வலதுதான் தலை என்று இருபது வருஷம் பழகிய ஆள். வால் அவர் கண்ணில் படவே இல்லை. என் கண்ணில் பட்டிருக்க வேண்டும். எனக்கு அந்த முறை தெரியும், அக்கா ஆயிரம் தரம் சொல்லியிருக்கிறாள். மெஷின் முன்னால் நின்றால் எனக்கு அளவு மட்டும்தான் தெரியும். ஒரு தடவைக்கு முந்நூறு கார்டு. ஒன்றரை நாளில் முப்பதாயிரமும் முடிந்தது. சுத்தமான வெட்டு, பிசிறில்லை. முதலாளிகூடப் பாராட்டினார்.

அந்த இரண்டு நாள் அக்கா லீவு. அண்ணனுக்கு ஹெர்னியா ஆபரேஷன், ஆஸ்பத்திரியில் கூட இருக்க ஆள் வேண்டும். அண்ணிக்கு ஆஸ்பத்திரி வாடை ஆகாது.

மூன்றாம் நாள் வந்தவள் மாடியிலிருந்து நேராகக் கீழே இறங்கினாள். கையில் சொறிக் கார்டு.

“வெட்டினது எங்கடா?”

அதற்கு முன்னும் பின்னும் அவள் என்னை டா போட்டதில்லை. வெட்டுக்கழிவு பின்கட்டில் மூட்டையாகக் கிடந்தது. அரை அங்குல நாடாக்கள், முப்பதாயிரம். ஒவ்வொன்றிலும் யாரோ ஒருவருடைய முதலெழுத்து இரண்டு. அவள் தரையில் பழைய போஸ்டரை விரித்து, மூட்டையைக் கவிழ்த்து, உட்கார்ந்துவிட்டாள். நாலு நாள், தேநீர் நேரம், சாப்பாட்டு நேரம், வேலை முடிந்தபின் ஒரு மணி நேரம். தன் எழுத்து இருக்கிற நாடாவை மட்டும் எடுத்து ரப்பர் பேண்டில் கோத்தாள். அச்சகத்தில் எல்லாரும் நின்று வேடிக்கை பார்த்தோம். “அக்கா, சேமியா பொறுக்கறீங்களா?” என்று ஒருவன் கேட்டான். அவன் இல்லை, நான்தான் கேட்டேன்.

நாற்பத்தேழு கிடைத்தது. இருந்தது ஐம்பத்து மூன்று.

ரப்பர் பேண்டோடு மாடிக்குப் போனாள். நான் கார்டுக் கட்டைத் தூக்கிக்கொண்டு பின்னால் போனேன். மாப்பிள்ளை நாடாக்களை மேசையில் பரப்பி, பொறுமையாக, இரண்டு தரம் எண்ணினார்.

“இதுல எது எந்தக் கார்டோடதும்மா?”

“எது எதோடதுன்னு வேணாம் சார். அம்பதுன்னு விதி. எத்தன இருக்குன்னு பாத்தா போதும்.”

“நாப்பத்தேழு இருக்கு.”

“மீதி மூட்டைல தவறியிருக்கும் சார்.”

“இருக்கலாம்.” அவர் குரலில் கோபமே இல்லை, அதுதான் எனக்கு இன்றும் காதில் நிற்கிறது. “நான் ஒண்ணும் சொல்லல. ஆனா அது மாமா போட்ட விதி. நாப்பத்தேழுக்கு நான் பேரு போட்டா, நாளைக்கு முப்பதோட ஒருத்தர் வருவார். மாமா இப்ப பேசற நெலைல இருந்தா கேக்கலாம்.” பிறகு என்னைப் பார்த்தார். “ஏம்ப்பா, வெட்டினது எல்லாமே அந்த மூட்டைலதான இருந்துச்சு? வேற எங்கயும் போகலையே?”

“எல்லாம் அதுலதான் சார்” என்றேன்.

அக்கா திரும்பி என்னைப் பார்த்தாள். நான் கார்டுக் கட்டின் நூலைச் சரி செய்தேன்.

முதல் பாகம் அந்த வருஷக் கடைசியில் வந்தது. அறுநூறு பிரதி, கருநீலக் காலிக்கோத் துணிக் கட்டு, முதுகில் தங்க எழுத்து. வெளியீட்டு விழாவில் அக்காவுக்குக் கடைசி வரிசையில், தூணுக்குப் பின்னால் நாற்காலி. பக்கத்தில் நான். முன்பக்கத்தில் பதினெட்டுப் பேர், எல்லாருக்கும் பட்டம். அதன் கீழே ‘மற்றும் உதவிய பலர்’. முப்பத்தோராம் பக்கத்தில் ஆதாம். மண், சிவப்பு, ரத்தம், தோல், படித்தவர்களின் சண்டை, ஆணும் பெண்ணும் ஒரே பேர், எல்லாம் அவள் வார்த்தை. ஒரு கமா மாறவில்லை. கொள்ளைப் பட்டியல் மட்டும் இல்லை. முடிவில் மாப்பிள்ளையின் முழுப்பேர். மேடையில் யாரோ அந்தப் பகுதியையே படித்துக்காட்டிக் கைத்தட்டு வாங்கினார்கள். அக்காவும் தட்டினாள். “நல்லாத்தான் எழுதியிருக்கு” என்றாள்.

புத்தகம் என்று வந்தால் பிழையும் வரும். இரண்டு மாதத்தில் அறுபது பிழை சேர்ந்தது. பிழைதிருத்தம் ஒரு தாள் அடித்து, விற்பனைக்கு விடும் முன் எல்லாப் பிரதியிலும் பின்னட்டைக்கு உள்ளே ஒட்டுவது என்று முடிவானது. அக்கா பட்டியல் அடித்தாள். மாப்பிள்ளை எங்கோ கூட்டத்துக்குக் கிளம்பும் அவசரத்தில், நின்றபடியே கையெழுத்துப் போட்டார். கீழே வந்தது, அச்சானது, நான் வெட்டினேன், நானே பசை போட்டு ஒட்டினேன்.

அதற்குப் பிறகு அக்காவிடம் ஒரு மாற்றம். தினமும் தன் நிப் பேனா, மைக்கூடு, டம்ளர், மேசை விரிப்பு எல்லாவற்றையும் ஒரு பையில் எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். சாயங்காலம் எழுத்து வரையும்போது மட்டும் பேனாவை எடுப்பாள்.

“எங்கக்கா பயணம்?”

“கூப்பிடுவாங்க.”

“யாரு?”

“பாத்தா கூப்பிடுவாங்க.”

எனக்கு விளங்கவில்லை. முதல் அறையில் நாற்காலி நகரும் சத்தம் கேட்டால் நிமிர்ந்து உட்காருவாள், புடவைத் தலைப்பைச் சரி செய்வாள். யாரும் கூப்பிடவில்லை. ஒரு மாதம், ஆறு மாதம், ஒன்றரை வருஷம். பை மட்டும் நைந்தது.

பிறகு மாடிக்குக் கம்ப்யூட்டர் வந்தது. எபிரேய எழுத்தும் அதிலேயே இருந்தது, நிப் பேனா வேண்டாம். அக்காவுக்கு நாள் குறித்துச் சொல்லிவிட்டார்கள். கடைசி நாள் அதே பையோடு கீழே வந்து, மெஷின் மேடையில் கிளாஸை வைத்தாள்.

“அறுவை, பிழைதிருத்தம் நீதான ஒட்டின?”

“ஆமாக்கா.”

“அறுநூறும்?”

“அறுநூறும்.”

“படிச்சியா?”

“படிச்சேன்க்கா” என்றேன், படக்கென்று.

“கடைசில என்ன போட்டிருந்துச்சு?”

நான் மெஷின் மேடையைத் துடைக்க ஆரம்பித்தேன். அவள் சிரித்தாள், சத்தமில்லாமல். விற்காமல் கிடந்த அடுக்கிலிருந்து ஒரு பிரதியை உருவி, பின்னட்டையைத் திறந்து என் முன்னால் வைத்தாள். நான் விரலை வைத்துப் படித்தேன். அறுபத்தோராவது திருத்தம். பக்கம் முப்பத்தொன்று, ஆதாம், இறுதியில் சேர்த்துக்கொள்க: போர்க்கொள்ளைப் பட்டியலில் ஆடு, மாடு, கழுதைக்கு அடுத்தபடியாக, சிறைபிடிக்கப்பட்ட பெண்களைக் குறிக்கவும் இதே சொல். பக்கத்தில், இந்தச் சொல்லின் எல்லாக் கார்டுகளையும் எழுதியவர் என்று அவளுடைய முதலெழுத்து இரண்டு.

வேலை போகும் என்று நினைத்துத்தான் அடித்திருக்கிறாள். கூப்பிட்டுக் கத்துவார்கள், நான்தான் எழுதினேன் என்று ஒரு தடவையாவது அவர் முகத்துக்கு நேரே சொல்லலாம் என்று பையோடு உட்கார்ந்திருக்கிறாள். மாப்பிள்ளை பின்னட்டையைத் திறக்கவே இல்லை. பதினெட்டுப் பட்டக்காரர்களில் ஒருவரும் திறக்கவில்லை. வாங்கினவர்களும் எழுதிக் கேட்கவில்லை.

“அக்கா, ஒண்ணு சொல்லணும்” என்றேன். “அன்னிக்கு வெட்டினதுல ரெண்டு கை அள்ளி நான் பசை காய்ச்சற அடுப்பு பத்த வச்சேன். சார் கேட்டப்ப…”

“தெரியும்.”

“தெரியுமா?”

“அன்னிக்கே அடுப்புச் சாம்பலக் கிளறிப் பாத்துட்டேன். ஓரம் கருகின நாடா ரெண்டு மூணு கெடந்துச்சு, எழுத்து தெரியல.” கிளாஸைக் கழுவித் துடைத்துப் பையில் வைத்தாள். “சாருக்கு முன்னாடி நீ வாயத் தொறப்பேன்னு நெனச்சேன். ஊருக்கெல்லாம் தொறக்கறவன்தான.”

“வேல போயிடும்னு பயம்க்கா.”

“எனக்கும் அந்தப் பயம்தான். ரெண்டு வருஷமா வேல போகவே மாட்டேன்னுச்சு.”

பையைத் தோளில் மாட்டிக்கொண்டு போய்விட்டாள். இப்போது அண்ணன் வீட்டிலேயே இருக்கிறாள், மோட்டார் சுவிட்ச் இப்போது அவள் பொறுப்பு என்று கேள்வி. பார்க்கப் போகலாம் என்று வருஷா வருஷம் நினைக்கிறேன்.

மேலே இரண்டாவது பாகம் இன்னும் முடியவில்லை. முதல் பாகத்தில் முந்நூறு பிரதி எங்கள் பின்கட்டில்தான் அடுக்கியிருக்கிறது, அதன்மேல்தான் நான் சாப்பாட்டுப் பாத்திரம் வைக்கிறேன். போன மாதம் மாப்பிள்ளை கீழே வந்து, ஒரு பிரதியை எடுத்துத் தூசி தட்டி, யாரோ பெரிய மனிதருக்குக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். முன்பக்கத்தில் போட்டார். பின்னால் புரட்டுவார் என்று நான் மெஷினை நிறுத்திவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தேன். புரட்டவில்லை. புரட்டினாலும் அந்தத் தாளைப் பிய்க்க முடியாது. பசையில் நான் குறை வைக்கவில்லை.